மேல் தட்டில் இருந்த பாட்டில்

மண் அடுப்பின் குழிக்குள் கெலெப்பி சூட்டுக் கற்களை மண்வெட்டியால் பரப்பிக்கொண்டிருந்தபோது வீட்டுக்குள் பாட்டு மாறியது. அக்காவுக்கு உடுத்தி முடித்துவிட்டார்கள் என்று அதிலிருந்தே தெரிந்துகொண்டான். இடுப்பில் சுற்றிய கந்தல் பாய் அக்குள் வரை ஏறி நின்று அவனைக் குனியவிடவில்லை. டோங்காவில் செத்தவருக்குக் கீழ்ப்பட்ட உறவுதான் பெரிய கந்தலைக் கட்ட வேண்டும். அக்காவுக்குத் தம்பி என்றைக்கும் கீழ்தான், அவனுக்கே பேரன் பிறந்தாலும் கீழ்தான். செத்தவரின் அத்தை தலைமாட்டில் உட்காருவாள், தம்பி அடுப்படியில் வேகுவான்.

அவனுக்கு அதில் குறையொன்றும் இல்லை. பன்னிரண்டு வயதில் அவனை ஆண்பிள்ளைகள் தூங்கும் கொட்டகைக்கு அனுப்பிய நாளிலிருந்து அக்காவும் அவனும் ஒரே அறையில் உட்கார்ந்ததில்லை. அவள் துணி காயும் கொடிக்குக் கீழே அவன் நடந்ததில்லை. அவள் காதில் விழும்படி ஒரு கெட்ட வார்த்தை பேசியதில்லை. ஊரே அதைச் சொல்லி மெச்சும். நேற்று வரை அந்த மெச்சல்தான் அவன் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது.

தீவு ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் அவனுக்கு இருபது வருஷ வேலை. சர்ஜன் அறுத்தெடுக்கும் துண்டு பாட்டிலில் ஃபார்மலினில் மிதந்து அவன் மேசைக்கு வரும். அவன் அதை வெளியே எடுத்து அளவு, நிறம், தொட்டால் கல்லாக இருக்கிறதா கொழகொழக்கிறதா என்று எழுதுவான். பிறகு பொட்டலம் கட்டிச் செவ்வாய்க்கிழமை விமானத்தில் ஏற்றுவான். ஆக்லாந்தில் அதை மெழுகில் பதித்து, காகிதத்தைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பார்கள். ஊர்க்காரர்களின் ஈரல், குடல், கழுத்துக் கழலை எல்லாம் அவன் கை பட்டுத்தான் போயிருக்கின்றன. தெருவில் அவனைப் பார்த்தால் சில பெரிசுகள், "என் உள்ளே இருக்கிறத எல்லாம் பார்த்தவன் வர்றான்டா!" என்று கேலி பண்ணுவார்கள்.

பிப்ரவரியில் ஒரு பாட்டில் வந்தது. சீட்டில் லூசியானே என்று அக்காவின் பெயர், நாற்பத்தாறு வயசு. அதற்குக் கீழே உறுப்பின் பெயர்.

கெலெப்பி அதைத் திறக்கவில்லை. லேபிளைச் சுவர்ப் பக்கம் திருப்பி மேல் தட்டில் வைத்துவிட்டான். கூடத்தில் கூட வேலை பார்க்கும் மெலியானா தலைநகரில் சர்ச் மாநாட்டுக்குப் போயிருந்தாள், பத்து நாளில் திரும்புவாள், பெண்பிள்ளை, அவள் பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தான். புயல் வந்தது, கப்பல் நின்றது, பத்து நாள் மூன்று வாரம் ஆயிற்று. தினமும் அந்தத் தட்டுக்கு அடியில் உட்கார்ந்து அடுத்தவர் சதையை அளந்தான். ஃபார்மலினில் சதை கெடாது. வெளியே இருக்கிற மனுஷனுக்குத்தான் அந்த உத்தரவாதம் இல்லை.

மெலியானா வந்து அனுப்பி, முடிவு வந்தபோது நோய் எலும்பில் இறங்கியிருந்தது. போன வாரம் அக்காவின் நெஞ்சுக்கூட்டிலிருந்து எடுத்த நீர் ரத்தம் கலந்து வந்தது. மெலியானாதான் பார்த்தாள். நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்து, "பாஸ்டருக்குச் சொல்லிடு, கெலெப்பி" என்றாள்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் அல்லவா. நேற்று அக்கா கண்ணை மூடிய கையோடு அவன் ஆக்லாந்துக்குப் போன் போட்டான். துண்டைப் பார்த்த டாக்டரம்மாவிடமே கேட்டான். "என் மேசையில மூணு வாரம் கிடந்துச்சு. அதனாலதான் செத்தாங்களா?"

அவள் ஏதோ காகிதத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. "இல்ல. மூணு வாரத்துல ஒண்ணும் மாறியிருக்காது. நான் பார்த்தப்பவே செல்லெல்லாம் ரத்தக்குழாய்க்குள்ள போயிருந்துச்சு. இது ஒரு வருஷத்துக் கட்டியாவது இருக்கும். கைக்குத் தட்டுப்படாமயா இருந்திருக்கும்? ஏன் அவ்வளவு நாள் வராம இருந்தாங்க? அதுதான் எனக்குப் புரியல."

கெலெப்பிக்கு மடியிலிருந்து கனம் இறங்கியது. அக்கா கிடக்கும்போது இப்படி நிம்மதிப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் தூங்கினான். காலையில் வேகவைத்த கிழங்கு இரண்டு தின்றான்.

கற்களின் மேல் வாழைமட்டையைப் பரப்பும்போது அக்கா மகள் வாசித்தி பின்கட்டுக்கு வந்தாள். பத்தொன்பது வயசு. அழுது முகம் வீங்கியிருந்தது. வந்ததும் அவன் கையிலிருந்த தண்ணீர்ச் செம்பைப் பிடுங்கிக் குடித்தாள். தாய்மாமன் சொத்தில் எதை வேண்டுமானாலும் எடுக்க அவளுக்கு உரிமை உண்டு. கேட்டால் அவன் இல்லை என்று சொல்லக் கூடாது. சின்ன வயசில் அவன் சைக்கிளை அப்படித்தான் கொண்டுபோனாள்.

"மாமா, ஒண்ணு கேக்கணும். மழுப்பாம சொல்லு."

"உள்ளே ஆள் தேடுவாங்கடி. போ."

"தேடட்டும். டாக்டர் என்னையும் வரச் சொல்லியிருக்காரு. அம்மாவுக்கு வந்தா மகளுக்கும் பார்க்கணுமாம். எதைப் பார்க்கணும்? அம்மாவுக்கு எங்க வந்துச்சு? பெரியவங்க எல்லாம் 'அவளோட நோய், அவளோட நோய்'ங்கறாங்க. அப்பா வாயே திறக்க மாட்டேங்குறாரு."

கெலெப்பி மட்டையைச் சரி செய்தான். சரியாகத்தான் இருந்தது.

"உனக்குத் தெரியும்ல? நீதானே பாட்டில் ஆளு."

"மெலியானாவக் கேளு. அவ சொல்லுவா."

"நீயும் அம்மா மாதிரியே பேசுற." வாசித்தி அவனுக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்தாள். "ஒரு வருஷமா ராத்திரி தூங்காம முனகுவா. எங்கன்னு கேட்டா ஒண்ணுமில்லம்பா. ஆஸ்பத்திரிக்கு வான்னு இழுத்தேன் மாமா. 'போனா அறுத்துப் பாட்டில்ல போடுவாங்க. பாட்டில் உன் மாமா மேசைக்குப் போகும். அப்புறம் நான் அவன் முகத்துல எப்படி முழிப்பேன், அவன் என் முகத்துல எப்படி முழிப்பான்'னா. ஒரு வருஷம், மாமா."

அடுப்புக்குள் ஒரு கல் படீரென்று வெடித்தது. இருவரும் அசையவில்லை.

"பிப்ரவரில போனாளே?" என்றான் கெலெப்பி.

"நீ கூரை மாத்த ரெண்டு வாரம் லீவு போட்டிருக்கேன்னு சர்ச்சுல சொன்னியே. மறுநாளே அம்மா என்னைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பினா. 'அவன் இல்லாதப்பவே முடிச்சிரலாம்'னா. டாக்டர் ரூமுக்குள்ள மட்டும் என்னை விடல. எவ்வளவு சந்தோஷமா வந்தா தெரியுமா."

அந்த லீவைக் கெலெப்பி எடுக்கவே இல்லை. மெலியானா மாநாட்டுக்குப் போக ஆசைப்பட்டாள் என்று ரத்துசெய்துவிட்டு உட்கார்ந்திருந்தான். அது அக்காவுக்குத் தெரியாது. இவளுக்கும் தெரியாது.

மூன்று வாரத்துக்கு டாக்டரம்மா கணக்குச் சொல்லிவிட்டாள். இந்த ஒரு வருஷத்துக்கு எந்த ஊருக்குப் போன் போடுவது? அவன் ஒரு தப்பும் செய்யவில்லை. ஒழுங்கான தம்பியாக இருந்தான், அவ்வளவுதான். கொஞ்சம் மரியாதை கெட்டவனாக இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள்.

"நீயும் சொல்ல மாட்டேல்ல?" வாசித்தி எழுந்து பாவாடை மண்ணைத் தட்டினாள். "சரி, விடு. நானும் போகல. எனக்கு மட்டும் வெக்கம் இல்லையா?"

"உக்காரு."

அவள் உட்காரவில்லை, ஆனால் நின்றாள்.

கெலெப்பி கையைப் பாயில் துடைத்துக்கொண்டான். மேசையில் ஆயிரம் தடவை எழுதிய வார்த்தைதான்.

"மார்புல. உங்கம்மாவுக்கு இடது மார்புல."

அடுப்பில் கிழங்கு அடுக்க வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒருவர் அவசரமாக வேறு பக்கம் திரும்பினார். வாசித்தி தலையை ஆட்டினாள்.

"செவ்வாய்க்கிழமைக்கு முன்னாடி போயிரு," என்றான். "அறுக்கணும்னா அறுக்கட்டும். பாட்டில் வந்தா அன்னிக்கே நான் திறப்பேன்."

"நீயேதான் திறக்கணும்."

"நானேதான்."

உள்ளே யாரோ வெக்கை தாங்காமல் லூசியானே கிடந்த அறையின் ஜன்னலைத் திறந்தார்கள். திரைச்சீலை விலகியது. கெலெப்பி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான்.