பெயர் கூப்பிடும் கொட்டகை

ஞாயிறென்றாலும் குலைகள் காத்திருக்காது. செம்பனைக் குலைகளை லோரியில் ஏற்றி முடித்த கையோடு மருதமுத்து சிம்பாங் அம்பாட் சாலையோரம் வந்து நின்றான். முழங்கையில் முள் கீறிய இடங்கள் வியர்வை பட்டு எரிந்தன. எதிரே பழைய ரப்பர் பால் கொட்டகை. ரப்பர் மரங்கள் போய்த் தோட்டமே செம்பனையாகிவிட்ட பிறகும் இடியாமல் எஞ்சிய அந்தக் கொட்டகையில்தான், குடியை விட்டவர்களும் விட முயல்கிறவர்களும் வாராவாரம் கூடினார்கள்.

கூட்டத்தை நடத்தும் கந்தசாமி அங்கே ஒரு வழக்கம் வைத்திருந்தார். விடியுமுன் தோட்டத்து ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்களத்தில் அவருடைய தகப்பனார் ஆட்களின் பெயரைக் கூப்பிட்ட அதே இழுவையில் இவரும் கூப்பிடுவார். பெயருக்குரியவர் எழுந்து, "குடிக்கல, வந்துட்டேன்" என்பார். மிச்சமெல்லாம் தேநீரும் பேச்சும்தான். முதன்முறை "மருதமுத்தூ" என்று அந்தக் குரல் நீண்டபோது, இருட்டில் வரிசையாக அசைந்த விளக்குகளும், பால்வாளிகளின் புளித்த வாடையும், அம்மாவின் தலைத்துணியும் ஒருசேரத் திரும்பி வந்தன. தன்னையும் யாரோ ஆளாகச் சேர்த்துக்கொண்டதுபோல் இருந்தது. அந்த வாரம் மலிவுச் சாராயம் விற்கும் சம்சுக் கடைப் பக்கம் அவன் கால் போகவில்லை.

அதன் பிறகுதான் பல்கலைக்கழகத்திலிருந்து பவானேஸ்வரி வந்தாள். இப்படிக் கூடிப் பேசுவது குடியை விடுவதற்கு மெய்யாகவே உதவுகிறதா என்பது அவளுடைய ஆய்வு. புதியவர்களில் பாதிப்பேர் கூட்டத்துக்கு வருவார்கள். மீதிப்பேர் ஆறு மாதம் இங்கே வராமல் கிளினிக்கில் மட்டும் ஆலோசனை பெறுவார்கள். யார் எந்தப் பக்கம் என்பதை அவரவர் எடுக்கும் உறை தீர்மானிக்கும்.

"பிடிக்கலன்னா எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம்ணே. உங்க விருப்பம்தான்," என்று அவள் சொல்லவும் செய்தாள்.

மேசைமேல் கிடந்த உறைகளை மருதமுத்து பார்த்தான். அக்காள் கல்யாணத்துக்குத் தோட்டத்து மாரியம்மன் முன்னால் பூக்கட்டிப் பார்த்த நாள் நினைவுக்கு வந்தது. எடுத்த பொட்டலத்தில் சிவப்புப் பூ வந்ததும், கைக்கெட்டிய நல்ல சம்பந்தத்தை மறுபேச்சில்லாமல் விட்டவர் அப்பா. மருதமுத்து செருப்பைக் கழற்றினான். கண்ணை மூடி ஓர் உறையை எடுத்தான்.

"செருப்பப் போட்டுக்குங்கண்ணே, தரையெல்லாம் ஈரம்," என்று சிரித்தாள் பவானேஸ்வரி.

உறைக்குள் கிளினிக் என்றிருந்தது.

கிளினிக்கில் தாதி மிஸ்ஸி பரிவாகத்தான் பேசினார். ஆனால் அங்கே ஆளைக் கூப்பிடுவது சுவரில் மின்னும் எண்தான்.

ஒருநாள் காய்கறிப் பசாரில் கந்தசாமி அவனை மறித்துக்கொண்டார்.

"என்னடா, பெரிய மனுசனாயிட்டியா? அந்தப் பொண்ணுதான் விலகிக்கலாம்னு சொல்லுச்சே. வந்து உக்காருலா."

"வேணாம்னு வந்துருச்சுண்ணே. ஆத்தா வாக்க மீறுனா வெளங்குமா?"

"அது ஆத்தா இல்லடா, யூனிவர்சிட்டி."

"அப்ப ஏண்ணே அது என் கைக்கு வரணும்?"

கந்தசாமிக்கும் பூக்கட்டிப் பார்த்து முடித்த கல்யாணம்தான். கத்தரிக்காயைப் புரட்டிப் பார்த்தபடி நின்றார்.

இப்போது கொட்டகைக்குள் பெரட்டு தொடங்கிவிட்டது. "பரமேஸ்வரா" என்ற குரல் சாலைவரை வந்தது. பதிலும் வந்தது. அடுத்தது, முன்பு தன் பெயர் வந்த இடம். கந்தசாமி ஒரு கணம் நிறுத்தினார். பிறகு, "வீராசாமீ" என்றார்.

மருதமுத்துவின் உதடுகள் மட்டும் அசைந்தன. "குடிக்கல, வந்துட்டேன்." உள்ளே பவானேஸ்வரி வந்தவர்களைத் தலைநிமிராமல் குறித்துக்கொண்டிருந்தாள்.

அவனுக்குப் பின்னால் சம்சுக் கடையின் இரும்புக் கதவு கரகரத்து மேலேறியது.

"மருதமுத்தூ," என்று கடைக்காரன் இழுத்துக் கூப்பிட்டான். "வெயில்ல ஏன் நிக்கிற? உள்ள வாலா."