எதிர்க்கடை அழுக்கு

என் மனைவி துவைத்த வெள்ளைக்கு ஈடு கிடையாது. இது அவள் சொல்வது. நானும் வழிமொழிகிறேன், பயத்தால் அல்ல. வீட்டின் முன்னறைதான் அவளுடைய சலவைக்கடை. தெருவுக்கு அந்தப் பக்கம் இன்னொரு சலவைக்கடை. அந்தக் கடைக்கார அம்மா இவளைவிட மூத்தவர், இவளைவிடப் பெரிய இயந்திரம் வைத்திருப்பவர். அதனாலேயே இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. "அங்க போட்டா வெள்ளையும் பழுப்பாத்தான் திரும்பி வரும்" என்பாள் இவள். அங்கே இவளைப் பற்றி என்ன ஓடுகிறதோ, நான் விசாரித்ததில்லை.

நான் லாரி ஓட்டுகிறவன். வீட்டில் இருக்கும் நாளெல்லாம் என் உயிர் உள்ளறை மீன்தொட்டியில் இருக்கும். அதில் ஒரு கூட்டம் கோமாளி லோச் வளர்க்கிறேன். அயிரைக்குத் தூரத்துச் சொந்தம். ஆரஞ்சு உடம்பு, கறுப்புப் பட்டை, வாயோரம் குட்டி மீசை. தனியாக விட்டால் ஏங்கிப்போகும், கூட்டமாக விட்டால் ஒரே ரகளை. மீசையால் தரையைத் துழாவித் தின்பவை என்பதால் கூரான கல் போடாமல் மணலைச் சலித்துப் போட்டிருக்கிறேன். மற்ற மீன்களைப் போல மருந்தும் தாங்காது. தண்ணீரைச் சரியாக வைத்திருப்பதுதான் இவற்றுக்கு வைத்தியம். கூட்டத்தில் பெரியவன் மீசைக்காரன். எங்கள் மகள் பிறப்பதற்கு முன்பே வந்தவன், அவளுக்கு அண்ணன் முறை. அவள் கல்லூரி விடுதிக்குப் போனபின் வீட்டில் இருக்கும் பிள்ளை அவன்தான்.

ஒருமுறை லோடு இறக்கிவிட்டுக் காலையில் வந்தேன். மனைவி வாசலிலேயே நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"உள்ள போய்ப் பாருங்க. அசந்துபோயிடுவீங்க."

முந்தாநாள் தொட்டி வடிகட்டியில் தண்ணீர் மெதுவாக வந்ததாம். கழற்றினால் பஞ்சு முழுக்கக் கரும்பழுப்புச் சேறாம். இவள் கண்ணில் அது பட்டால் விடுவாளா? குழாயடியில் வைத்து அலசு அலசென்று அலசி, வெயிலில் காயவைத்து, புதுப்பஞ்சு மாதிரி ஆக்கி மாட்டியிருந்தாள்.

"சோப்பு போடலைங்க. மீனாச்சேன்னு வெறும் குழாய்த்தண்ணிதான்" என்றாள் பெருமையோடு.

அசந்துதான் போனேன். மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. மீசைக்காரனின் ஆரஞ்சு வெளுத்து, செவுள் படபடவென்று அடித்தது.

"உன்னை யாரு அதைத் தொடச் சொன்னது? எதைப் பார்த்தாலும் துவைச்சிடணுமா உனக்கு?"

என் சத்தத்தில் முன்னறையில் துணி கொடுக்க வந்தவர் எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று மேலும் கத்தினேன். "அந்த அழுக்குலதான் கண்ணுக்குத் தெரியாத உயிருங்க குடியிருக்கு. மீனோட கழிவைத் தின்னு தண்ணியைக் காப்பாத்துறதே அதுங்கதான். குழாய்த்தண்ணி குளோரினும் வெயிலுமா அத்தனையையும் கொன்னுடுச்சு. இப்ப இதுங்க கழிவே இதுங்களுக்கு விஷம்!"

அவள் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள்.

"இப்ப என்ன செய்யணும்?"

"டிரம்ல பிடிச்சுவச்ச, குளோரின் போன தண்ணியை ஊத்திக் கொஞ்சம் கொஞ்சமா மாத்துறேன். ஆனா அது மட்டும் பத்தாது. நல்லா ஓடிட்டிருக்கிற தொட்டியிலிருந்து அழுக்குப் பஞ்சு வேணும். மீன்கடை வேற இன்னைக்கு லீவு."

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அது நினைவுக்கு வந்தது. எதிர்க்கடையில், வாடிக்கையாளர் உட்காரும் பெஞ்சுக்குப் பக்கத்தில், கப்பி மீன் வளர்க்கும் ஒரு சின்னத் தொட்டி இருக்கிறது.

"நான் போறேன்" என்றேன்.

"நீங்க தண்ணியைப் பாருங்க. கெடுத்தது நான்." ஒரு கிண்ணத்தில் தொட்டித் தண்ணீரை மொண்டுகொண்டு தெருவைக் கடந்தாள்.

மக்கில் தண்ணீரை எடுத்தபடி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அங்கே நல்ல கூட்டம். அதில் பாதிப் பேர் இங்கேயும் துணி போடுகிறவர்கள். என் மனைவிக்கு மெல்லப் பேச வராது.

"அக்கா, உங்க தொட்டி அழுக்கு கொஞ்சம் வேணும்."

பெஞ்சில் இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். எதிர்க்கடை அம்மா இடுப்பில் கைவைத்தார். "என் கடையில அழுக்கு இருக்குன்னு இன்னைக்கு நேர்லயே சொல்ல வந்துட்டியா?"

"இல்லக்கா. துவைக்கக் கூடாததை நான் துவைச்சுட்டேன். எங்க வீட்டு மீனுங்க சாகுதுங்க. உங்க பஞ்சுல பாதி குடுத்தா பொழைச்சுக்கும்."

மக்கோடு அப்படியே நின்றுவிட்டேன். தன் வாடிக்கையாளர்கள் முன்னால், தன் தொழிலிலேயே தப்பு செய்துவிட்டதாக அவள் சொல்கிறாள். குரல் பிசிறவில்லை, தலையும் தாழவில்லை. இவள் என் பெண்டாட்டி என்று தெருவைக் கூட்டிச் சொல்லலாம் போலிருந்தது. கத்தின என் வாயைத்தான் எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

எதிர்க்கடை அம்மா அவளையே பார்த்தார். பிறகு கத்திரியை எடுத்து, தன் வடிகட்டிப் பஞ்சைப் பாதியாக வெட்டிக் கிண்ணத்தில் போட்டார். "பார்த்துட்டு நிக்காத, ஓடு!" என்று விரட்டினார்.

அடுத்த லோடை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு வீட்டிலேயே கிடந்தேன். தீனியை நிறுத்தினோம், தினமும் தண்ணீர் மாற்றினோம். பிறகு நான் கிளம்ப வேண்டி வந்தபோது அவளே மாற்றினாள். நான் திரும்பி வந்தபோது மீசைக்காரன் நல்ல ஆரஞ்சு நிறத்தில் மணலை வாயில் அள்ளிச் செவுள் வழியாகத் துப்பிக்கொண்டிருந்தான். ஒன்றுகூடச் சாகவில்லை. அதை அவள் என்னிடம் சொல்லவில்லை. நானே எண்ணிப் பார்க்கட்டும் என்று பக்கத்தில் நின்றாள்.

ஒருநாள் எதிர்க்கடை அம்மா மீன் பார்க்க வந்தார். தொட்டிக்குள் குனிந்தவர் பதறிப்போனார். "ஐயோ, பெருசு சாஞ்சு கிடக்குதே! செத்துடுச்சா?"

"தூங்குதுக்கா. இதுங்க இப்படித்தான் ஒருக்களிச்சுப் படுக்கும்" என்றாள் என் மனைவி, பரம்பரை பரம்பரையாக லோச் வளர்த்தவள் போல.

அந்த அம்மாவின் பார்வை வடிகட்டிக்குப் போனது. பஞ்சு கரும்பழுப்பாக நிறைந்திருந்தது. அந்த வீட்டில் அப்படியொரு அழுக்கை அவர் எதிர்பார்க்கவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

என் மனைவி முந்திக்கொண்டாள்.

"நீங்க குடுத்ததுதான்க்கா. ஒரு துளிகூடப் போகாம வச்சிருக்கேன்."