ஒரு சகோதரி

...புதன்கிழமை வேதபாடம், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், சனிக்கிழமை மாதர் சங்கம் ஆஸ்பத்திரிக்குப் போகிறது, சோப்பும் சீனியும் கொண்டுவாருங்கள், என்று போதகர் ஒஃபோரி ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, பக்கத்தில் நின்ற எனெலெஸ் ஊர்ப் பாஷையான சிச்சேவாவில் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள், எட்டு வருடமாகச் செய்கிற வேலை, வாய் தானாக ஓடும், ஆனால் காலையில் அவர் அறிவிப்புத் தாளைக் கையில் கொடுத்துவிட்டு அங்கி மாட்டப் போனதிலிருந்து அவள் அதன் அடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி வரி. ஆவிக்குரிய வளர்ச்சி முகாம், மூன்று நாள், அதற்கு முன்னுரையாக, ஜெபத்தை இழந்த ஒரு சகோதரியின் கதை... எந்தச் சகோதரி? வேறு எந்தச் சகோதரி? போன செவ்வாய்க்கிழமை அவர் அறைக் கதவைச் சாத்திவிட்டுத்தானே சொன்னாள்? ‘இது நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருக்கும்மா’ என்று வேதத்தின்மேல் கைவைத்தாரே? கானாவிலிருந்து வந்து நாலு மாதம், இந்த ஊர்ப் பாஷையில் வணக்கம் சொல்லவும் தண்ணீர் கேட்கவும்தான் தெரியும், அதற்குள் அவள் நெஞ்சைப் பிரசங்கத்துக்கு எடுத்துக்கொண்டார். அஞ்சு நாள். அஞ்சு நாள் தாங்கவில்லை அந்த வாய்க்கு.

போன வருடம் மார்ச் மழையில் முலாஞ்சே மலைச்சரிவு இறங்கி, தங்கை தியமிகேயின் வீட்டைச் சேறு மூடி, மூன்று நாள் மண்வெட்டியால் தோண்டியும் ஒரு சமையல் பானைதான் கிடைத்தது, அன்றிலிருந்து கண்ணை மூடினால் எதிரில் யாருமில்லை, ஊரார் ஜெபத்தையெல்லாம் மொழிபெயர்க்கிறாள், ஆமென் சொல்கிறாள், உள்ளே வெறும் கல்... “இந்தச் சபையில ஒரு சகோதரி இருக்காங்க” என்று ஆரம்பித்துவிட்டார். “ஒரு வருஷமா அவங்க ஜெபம் பண்ணல. கண்ண மூடினா எதிர்ல யாரும் இல்லையாம். ஒதட்ட மட்டும் அசைக்கிறாங்க.” பெயரையும் சேற்றையும் மட்டும் சொல்லாமல் விட்டார், அவ்வளவு பெரிய மனசு. விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பி, அந்த மிருதுவான சிரிப்போடு காத்திருந்தார், சொல்லம்மா என்று. சொல்ல வேண்டுமாம், இருநூறு பேர் முன்னால் தன் தோலைத் தானே உரித்துக் காட்ட வேண்டும், அதுவும் நல்ல சிச்சேவாவில், பிழையில்லாமல். இறங்கிப் போய்விடலாமா? போனால் எந்தச் சகோதரி என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்துவிடும். தெரியட்டுமே. இவர் சொல்லித் தெரிவதைவிட... ஒலிவாங்கியை இறுகப் பிடித்தாள். “ஒரு வருஷமா நான் ஜெபம் பண்ணல” என்றாள். “கண்ண மூடினா எதிர்ல யாருமே இல்ல. ஒதட்டத்தான் அசைக்கிறேன்.”

எல்லாத் தலையும் தன் பக்கம் திரும்பும் என்று காத்திருந்தாள், திரும்பின, ஆனால் அவளைத் தாண்டிப் போதகரிடம்... ஐயோ, எட்டு வருடமாக அவள் வாயிலிருந்து வந்த ‘நான்’ எல்லாம் போதகர்களுடைய ‘நான்’ அல்லவா, நான் கானாவில் பிறந்தேன் என்று சொன்னபோதுகூட ஒருவரும் சிரிக்கவில்லையே. எல்லாரும் மாய், அம்மா, என்று கூப்பிடும் மாதர் சங்கத் தலைவி சிக்கோபா எழுந்து, வெள்ளைத் தலைத்துணியின் நுனியால் கண்ணைத் துடைத்தபடி முன்னால் வந்து, போதகரின் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஜெபம் வரலன்னா விடுங்கய்யா. வர்ற வரைக்கும் ஒங்களுக்காக நாங்க பண்றோம்.”

“என்னம்மா சொல்றாங்க?” என்றார் போதகர், முகமெல்லாம் மலர்ந்து.

“முகாமுக்கு எல்லாரும் வர்றாங்களாம்.”

அவர் கையை உயர்த்தி அல்லேலூயா என்றார், அதையாவது மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. இப்போது கோபம் மாய் சிக்கோபாமேல் திரும்பியது, மார்ச்சில் இதே பெண்தான் ஒரு சட்டி ந்சீமாக் களியோடு வந்து, ‘தேவ சித்தம், அழாத’ என்றாள், தேவ சித்தமாம், அந்நிய ஆம்பளைக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது இந்தப் பேச்சு? அவளிடம் ஏன் ஒருத்தியும் இப்படிச் சொல்லவில்லை? கேட்டார்களே, எப்படி இருக்க எனெலெஸ் என்று வாராவாரம் கேட்டார்களே... நல்லா இருக்கேன் மாய், நல்லா இருக்கேன். செவ்வாய்க்கிழமை போதகரிடம் கொட்டியதுகூட ஆங்கிலத்தில்தான். தன் பாஷையில், தன் ஊர்ப் பெண்கள் காதில் விழும்படி, அந்த வார்த்தைகளை அவள் சொன்னது இன்றுதான் முதல் தடவை, சொன்னபோது அவர்கள் அழுதார்கள், எழுந்து வந்தார்கள், வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றவரின் கையைப் பிடித்துக்கொண்டார்கள்...