கன்னத்தில் ஒரு எல்லைக்கல்

விகாண்ட் பின்வாசல் வழியாக வந்தால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். ஊர்ச்சபையில் இடம் கிடைத்ததிலிருந்து அவன் அக்காள் வீட்டுக்கு முன்வாசல் வழியாகத்தான் வருவான்; அதுவும் தெருவில் நாலு பேர் நிற்கிற நேரமாகப் பார்த்து. இன்றைக்கு அவன் தலையில் சபைக் குல்லாயும் இல்லை. அடுப்பிலிருந்து கறுப்பு ரொட்டிகளை நீளத் துடுப்பால் இழுத்துக்கொண்டிருந்த யூட்டா திரும்பிப் பார்த்தாள். மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்து, தன் இடது கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தான் அவன்.

விஷயம் அவளுக்குத் தெரியும். ஹாசல்பாக் ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம்தான். போன வருஷ வெள்ளத்தில் ஓடை தன் பாதையை மாற்றிக்கொண்டது. போகிற போக்கில் கருவாலி மரக் காட்டின் எல்லைக்கல்லையும் உருட்டிக்கொண்டு போய்விட்டது. பக்கத்து லோனாவ் ஊர்க்காரர்கள் விடுவார்களா? புது ஓடைதான் எல்லை, காடு எங்களுடையது என்று கிளம்பிவிட்டார்கள். இந்த இலையுதிர் காலத்தில் ஹாசல்பாக் பன்றிகள் காட்டுக்குள் கால் வைத்ததும் தடியால் அடித்துத் திருப்பி அனுப்பினார்கள். கருவாலிக் கொட்டை தின்னாத பன்றி கொழுக்காது. பன்றி கொழுக்காவிட்டால் பனிக்காலம் முழுக்க வெறும் முட்டைக்கோஸ்தான். யூட்டாவின் கொட்டிலில் இருந்த இரண்டும் ஏற்கெனவே விலா எலும்பு தெரிய நின்றன.

பிரபுவின் நீதிபதி இன்று மதியம் காட்டுக்கே வருகிறார். தீர்ப்பு ஒரே ஒரு ஆளை நம்பியிருந்தது. தலைமுறைக்கு ஒரு முறை ஊரே திரண்டு எல்லையைச் சுற்றி நடக்கும். ஒவ்வொரு கல்லிலும் ஒரு பையனை நிறுத்தி, அவன் எதிர்பாராத நேரத்தில் ஓங்கி ஒரு அறை. அறை வாங்கிய இடம் சாகும்வரை மறக்காது என்பது கணக்கு. அழுகையை நிறுத்த ஒரு தேன் ரொட்டி. அன்றிலிருந்து அது அவன் கல். அவன்தான் அதற்குச் சாட்சி. கருவாலிக் காட்டுக் கல்லின் சாட்சி விகாண்ட். மதுக்கடையில் அந்த அறையைப் பற்றி அவன் சொல்லாத வருஷமில்லை. சொல்லச் சொல்ல அறையின் பலமும் கூடிக்கொண்டே வந்தது. போன திருவிழாவில் சொன்னபோது இரண்டு பற்கள் விழுந்திருந்தன.

அறை வாங்கியது அவன் இல்லை. இது உயிரோடிருப்பவர்களில் இரண்டே பேருக்குத் தெரியும்.

எல்லை நடைக்கு முந்தின நாள் விகாண்டுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து இரண்டு கன்னமும் பூசணிக்காயாகிவிட்டன. கல் வேறு வீட்டுக்குப் போய்விடுமே என்று அம்மா யோசித்தாள். ஒரு வயது மூத்தவளான யூட்டாவுக்குத் தம்பியின் காற்சட்டையை மாட்டி, மேலங்கியின் முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டு அனுப்பினாள். யூட்டா போனாள், வாங்கினாள், வந்தாள். வருகிற வழியில் தேன் ரொட்டி முழுவதையும் தின்றுவிட்டாள். தம்பி இன்றுவரை மன்னிக்காதது அது ஒன்றைத்தான்.

“இடத்தை மட்டும் சொல்லிடு அக்கா. மத்ததை நான் பாத்துக்கறேன்.”

“புனிதர் எலும்பு வெச்ச பேழை மேல கை வெச்சு, இந்தக் கன்னத்துல வாங்கினேன்னு சொல்லணும்டா. பொய்ச் சத்தியத்துக்கு ரெண்டு விரல் போயிடும். அப்புறம் பீர்க் குவளையை எதால பிடிப்ப?”

“விரல் போனாலும் பரவாயில்ல. ஊரு சிரிக்குமே.”

அவன் சிரிப்புக்குப் பயந்தவன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நானே வந்து சொல்கிறேன் என்றாள். கூடாது என்றான். அப்படியானால் இடத்தைச் சொல்ல மாட்டேன், உன் விரலை வெட்ட நான் கத்தி எடுத்துக் கொடுக்க மாட்டேன் என்றாள். அவன் சூடான ரொட்டியைக்கூடத் தொடாமல் எழுந்து போய்விட்டான். அதுதான் அவளுக்குக் கவலையாக இருந்தது. கணவன் குன்ட்ஸிடம் அடுப்பை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பும்போது, கருக்கலில் இருந்து எதுவும் தின்னாத பயல் என்று நினைத்து, ஒரு தேன் ரொட்டியை மடிப்பையில் போட்டுக்கொண்டாள்.

காட்டில் இரண்டு ஊர்க்காரர்களும் எதிரெதிராக நின்றார்கள். நடுவில் நீதிபதி, வாதம் பிடித்த ஒரு காலை முக்காலியில் தூக்கிவைத்து உட்கார்ந்திருந்தார். கல்லுக்குச் சாட்சி யார் என்று கேட்டதும் விகாண்ட் முன்னால் போனான். பேழையின் வெள்ளி மூடிக்கு மேல் அவன் கை நின்றது, இறங்கவில்லை. யூட்டா யோசித்தாள்: வாயைத் திறக்கலாமா, திறந்தால் அவன் முகத்தில் மறுபடி விழிக்க முடியுமா? அவள் ஒரு அடி எடுத்து வைப்பதற்குள் அவனே கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

“வாங்கினது நான் இல்லைங்க ஐயா. எனக்குப் பொன்னுக்கு வீங்கி. என் அக்காதான் எனக்குப் பதிலா வாங்கிட்டு வந்தா.”

பின்வரிசையிலிருந்து செருப்புத் தைப்பவன் குரல் வந்தது.

“அப்போ இத்தனை வருஷமா மதுக்கடையில நீ அழுது காட்டினது யாரு கண்ணீருப்பா?”

இரண்டு ஊரும் சேர்ந்து சிரித்தன. வெள்ளத்துக்குப் பிறகு அவை ஒன்றாகச் செய்த முதல் காரியம் அதுதான். விகாண்ட் காதுவரை சிவந்து நின்றான், ஆனால் நின்றான். யூட்டா போய் அவன் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

லோனாவ் தலைவன் பெர்டோல்ட் சும்மா இருக்கவில்லை. பையன் வாங்கிய அறைதான் செல்லும், பெண் வாங்கியது எந்தக் கணக்கிலும் வராது என்றான். நீதிபதி தன் காலை ஒருமுறை அமுக்கிவிட்டுக்கொண்டார்.

“அறைஞ்சது ஊரு. வாங்கினது கன்னம். கன்னத்துல என்னய்யா ஆண் பெண்? நீ இடத்தைக் காட்டும்மா.”

சத்தியம் செய்துவிட்டு யூட்டா சுற்றிலும் பார்த்தாள். இது அந்தக் காடே இல்லை. கன்றாக இருந்தவை மரமாகியிருந்தன. மரமாக இருந்தவை வெள்ளத்தில் சாய்ந்து கிடந்தன. பழைய ஓடை வெறும் பள்ளமாக, இலை மூடிக் கிடந்தது. அதன் கரையோரம் மேலும் கீழும் நடந்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. லோனாவ் பக்கம் முணுமுணுப்பு எழுந்தது. கண்ணை மூடினாள். அன்றைக்கு அறைந்த வயல் காவல்காரர் எக்கார்டின் கை வெங்காய வாசனை அடித்தது ஞாபகம் வந்தது. அறை விழுந்த வேகத்தில் முகம் திரும்பியது; கலங்கிய கண்ணில், எதிர்மலையின் இரட்டைப் பாறைகளுக்கு நடுவே தேவாலயக் கோபுரம் தெரிந்தது, மாட்டுக் கொம்புகளுக்கிடையே உட்கார்ந்த குருவி மாதிரி. இப்போது அந்தப் பக்கம் கிளைகள் மட்டும்தான் இருந்தன.

அன்றைக்கு அவள் உயரம் என்ன? பாவாடையைச் சுருட்டிச் சொருகிக்கொண்டு முழங்காலில் இறங்கினாள். ஊர்க்காரர்கள் பார்க்க, அடுமனைக்காரன் பெண்டாட்டி ஈர இலையில் கையூன்றி, முழங்காலாலேயே பழைய கரையோடு நகர்ந்தாள். பத்தடிக்கு ஒரு தடவை நின்று முகத்தை வெடுக்கென்று திருப்பிப் பார்த்தாள். மீண்டும் சிரிப்பு கிளம்பியது. இந்தத் தடவை விகாண்ட் திரும்பி ஒரு பார்வை பார்த்தான், அடங்கியது. கிளைகளின் அடியில், குழந்தையின் கண்மட்டத்தில், ஒரு சந்து திறந்தது. பாறை தெரிந்தது. இன்னும் கொஞ்சம் நகர்ந்தாள். கொம்புகளுக்கு நடுவே குருவி வந்து உட்கார்ந்தது. அவளுடைய இடது கன்னம் காந்தியது.

“இங்க தோண்டுங்க.”

முழங்கை ஆழத்தில் மண்வெட்டி ணங்கென்றது. எல்லைக்கல் நடும்போது ஒரே பானையை உடைத்து, மூன்று ஓடுகளை அடியில் புதைப்பது வழக்கம். கல்லை வெள்ளம் கொண்டுபோகலாம். ஓடு அங்கேயே இருக்கும். நீதிபதி மூன்றையும் மடியில் வைத்து ஒட்டிப் பார்த்தார். இடைவெளியில்லாமல் பொருந்தின. பெர்டோல்ட் தானும் ஒருமுறை ஒட்டிப் பார்த்தான். அவன் கையிலும் பொருந்தின. தொப்பியைக் கழற்றி உதறி, மறுபடி போட்டுக்கொண்டான்.

மாலைக்குள் புதுக்கல் நட்டாயிற்று. நட்ட கல்லுக்குச் சாட்சி வேண்டும். அறை வாங்கப் பையன் யாராவது உண்டா என்று நீதிபதி கேட்டார். அதற்குள் விகாண்ட் முக்காட்டைத் தள்ளிவிட்டு, நரைத்த தாடியோடு, கல்லின் பக்கத்தில் போய் நின்றான்.

“பழைய பாக்கி. போடு அக்கா.”

யூட்டா தயங்கவில்லை. இத்தனை வருஷம் மாவு பிசைந்த கை அது. மரத்திலிருந்த காக்கைகள் கலைந்து பறந்தன. விகாண்டின் முகம் அப்படியே திரும்பி, நீர் கோத்த கண்கள் எதிர்மலையில் எதையோ பார்த்து நிலைத்தன. கன்னத்தில் காட்டு மண் ஐந்து விரலாகப் பதிந்திருந்தது.

அவள் மடிப்பையிலிருந்து தேன் ரொட்டியை எடுத்து நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டு, ஊருக்கும் அக்காளுக்கும் முதுகைக் காட்டிக் கல்லின் மேல் உட்கார்ந்து, ஒரு துணுக்குகூட மிச்சம் வைக்காமல், மெதுவாக, முழுவதையும் தின்றான். அவனுக்குப் பின்னால் யாரோ காட்டோரப் பன்றிப் பட்டியைத் திறந்துவிட, பன்றிகள் இலைகளைக் கிளறிக்கொண்டு காட்டுக்குள் இறங்கின.