அந்தியில் கறுத்த சிவப்பு

நான் படம் வரைய என் முன்னால் உட்காருகிறவர் யாரானாலும், நான் 'போதும்' என்று சொல்லும்வரை அசையக் கூடாது, வாயும் திறக்கக் கூடாது. போன வாரம் இந்தச் சட்டம் பேசித்தான் என் ஆறு வயது மகளை அழவைத்தேன்.

நேற்று கழிமுகக் கரைக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போய், அந்தியை வரைய உட்கார்ந்தேன். அந்தி வெளிச்சம் இருபது நிமிடம்தான் தாங்கும். தண்ணீரில் ஈயநிறம், மணலில் ஊதா என்று படம் ஒரேயடியாகச் சோர்ந்துபோயிருந்தது. எங்காவது கொஞ்சம் சூடான நிறம் வேண்டும். தூரத்தில், தண்ணீருக்குள் நட்டிருந்த மூன்று கம்பங்களை ஒட்டி ஒரு சிவப்பு கண்ணில் பட்டது. என்ன ஏது என்று பார்க்காமல் ஒரு புள்ளி வைத்தேன். பொருளைப் பார்க்காதே, நிறத்தைப் பார் என்று பீற்றிக்கொள்கிறவள் நான்.

தூரிகையைத் துடைத்துவிட்டுத் திரும்பினால் மகளைக் காணோம்.

"சுண்டெலி, எங்கடி இருக்க?"

பதில் இல்லை. தண்ணீர் ஏறும் நேரம் வேறு. கரையில் இங்கும் அங்கும் ஓடினேன். வலையை மடித்துக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து வந்தார்.

"பாப்பா என்ன கலர்ல கவுன் போட்டிருந்துச்சும்மா?"

"செவப்புங்க."

நெற்றியில் கை வைத்து நெடுநேரம் பார்த்தார். "செவப்பா ஒண்ணும் தெரியலையே. கம்பத்துகிட்ட கருங்கல்லு ஒண்ணு நிக்குது, அவ்வளவுதான்."

படத்தைப் பார்த்தேன். கம்பத்தருகே கல் எதுவும் இல்லை. அந்தச் சிவப்புப் புள்ளிதான் இருந்தது. இருட்டும்போது முதலில் கறுத்துப்போவது சிவப்பு என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவள், இவ்வளவு நேரமும் சிவப்பைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

செருப்பை உதறிவிட்டு இறங்கி ஓடினேன். என் தொடையளவு தண்ணீர் அவள் மார்புக்கு வந்திருந்தது. ஒரு கையால் கம்பத்தைப் பிடித்தபடி, என்னையே பார்த்துக்கொண்டு விறைத்து நின்றாள். வாரி எடுத்தேன். உடம்பு சில்லிட்டிருந்தது.

"கூப்பிட்டது காதுல விழலையாடி?"

உதட்டை அசைக்காமல் கேட்டாள்.

"இப்பப் பேசலாமாம்மா? என்னைப் பாத்துப் பாத்து வரைஞ்ச. போதும்னு சொல்லவே இல்லியே."