பாலத்தின் முன் நின்ற எறும்புகள்

பல்கலைக்கழக விலங்கியல் துறையில் அவளை எல்லோரும் எறும்புக்காரி என்றே கூப்பிட்டார்கள். நான்கு வருடமாக எறும்பையே பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? ஓர் எறும்பு மட்டுமே போகக்கூடிய அட்டைப் பாலத்தில், எதிரெதிரே வரும் எறும்புகள் முட்டி மோதாமல் எப்படிப் போய் வருகின்றன என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. தங்கியிருந்தது அக்கா வீட்டில்.

“ஊரே மருந்து வச்சு எறும்ப விரட்டுது, நீ ரொட்டித்தூள் போட்டு வளர்க்கிற” என்று அக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

ஒரு கட்டுரையாவது அச்சேறினால்தான் முனைவர் பட்டம் என்பது துறையின் விதி. அவள் எழுதியதோ போன வேகத்தில் திரும்பிக்கொண்டிருந்தது. முதல் ஆய்விதழ் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாவது இதழ் ‘புதிதாக ஒன்றுமில்லை’ என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டது. மூன்றாவது இதழுக்கு அனுப்பி ஏழு மாதமாகியும் சத்தமே இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, லேபில் டீயைக் கையில் எடுத்தபோது பதில் வந்தது. கட்டுரையை இரண்டு பேர் மதிப்பிட்டிருந்தார்கள். யார் என்று இதழ் சொல்லாது, அதுதான் வழக்கம். முதல் ஆள் அரைப் பக்கம் எழுதி, ‘பரவாயில்லை’ என்றிருந்தார். இரண்டாம் ஆள் எழுதியது பதினோரு பக்கம். எழுந்து நேரே தன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் கைடிடம் போனாள்.

“பதினோரு பக்கமா?” கைடு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “அவ்வளவு எழுதுற ஆளு சும்மா விடமாட்டாங்க. போய் முதல்ல வயிறார சாப்பிடும்மா. அப்புறம் படி.”

சாப்பாடு இறங்கவில்லை. திரும்பி வந்து படித்தாள். முதல் வரியே இப்படி இருந்தது: ‘இதை நான் நம்பவில்லை. அதனால் என் வீட்டுச் சன்னலோரம் ஒரு பாலம் கட்டினேன்.’

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த மனிதர் பத்தொன்பது நாள், காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார். நாள்வாரியாக அட்டவணை இருந்தது. எட்டாம் நாளுக்கு எதிரே, ‘மழை. யாரும் வரவில்லை.’ நான்காம் பக்கத்தில் அவள் விட்டிருந்த இரண்டு எழுத்துப்பிழைகளைக்கூடக் குறித்திருந்தார். கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தது இதுதான்:

‘உங்கள் முடிவு சரி. ஆனால் சும்மா நின்றவை என்று இருநூற்றுப் பன்னிரண்டு எறும்புகளைக் கணக்கிலிருந்து தள்ளிவிட்டீர்கள். கட்டுரையோடு நீங்கள் அனுப்பிய ஏழாவது வீடியோவை மறுபடி பாருங்கள். அவை எப்போது நிற்கின்றன?’

சோம்பேறி எறும்புகள் என்று அவள்தான் தள்ளியிருந்தாள். வீடியோவைப் போட்டாள். பாலத்தின் வாசலுக்கு வந்த ஓர் எறும்பு நின்றது. எதிர்ப்பக்கம் காலி. உணர்கொம்பு மட்டும் லேசாக ஆடியது. கொஞ்ச நேரம் கழித்து மறுமுனையில், தன் தலையைவிடப் பெரிய ரொட்டித்துணுக்கைத் தூக்கிக்கொண்டு இன்னோர் எறும்பு தள்ளாடி வந்து பாலத்தில் ஏறியது. அது மெல்லக் கடந்து இறங்கியது. அதன்பிறகுதான் நின்ற எறும்பு நகர்ந்தது.

அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். இதே வீடியோவை நாற்பது தடவையாவது பார்த்திருப்பாள். கண் இருந்தும் பார்க்கவில்லை. சுமை பாலத்தில் ஏறுவதற்கு முன்னாலேயே வழி விட்டிருக்கின்றன. அவற்றுக்கு எப்படித் தெரிந்தது?

ஓடிப்போய் கைடைக் கூட்டி வந்தாள். மாணவர் மேஜைப் பக்கமே வராத மனிதர் நின்றபடியே பார்த்தார்.

“இன்னொரு தடவ போடு.”

போட்டாள்.

“இன்னும் ஒரு தடவ.”

“இத்தன வருஷமா நாம என்னத்தப் பார்த்துக்கிட்டு இருந்தோம்?” என்றார், தனக்குத்தானே.

இருநூற்றுப் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்க ஒன்பது நாளாயிற்று. நூற்றெண்பத்தேழு எறும்புகள் காத்து நின்றவைதான். கட்டுரையைத் தலைப்பிலிருந்து மாற்றி எழுதினாள். எப்படித் தெரிகிறது என்ற கேள்விக்கு, ‘எங்களுக்குத் தெரியவில்லை’ என்று கூச்சமில்லாமல் ஒரு பத்தி எழுதினாள். இரண்டாம் மதிப்பீட்டாளர் பெயரையும் தன் பெயரோடு போட அனுமதி வேண்டும் என்று இதழாசிரியரைக் கேட்டாள். அவர் விசாரித்துப் பதில் அனுப்பினார்: ‘பாலம் உங்களுடையது, தன் பெயர் வேண்டாம் என்கிறார்.’

நான்கு மாதத்தில் கட்டுரை வெளிவந்தது. அக்கா இதழை வாங்கிப் புரட்டினாள். கடைசிப் பக்கத்து நன்றியுரையில் அக்காவின் கை நின்றது.

“பத்தொன்பது நாள் சன்னலோரம் உக்காந்து எறும்ப எண்ணின பேர் தெரியாத ஒருத்தருக்குன்னு போட்டிருக்க. யாருடி அது?”

“தெரியாதுக்கா.”

“ஆம்பளையா, பொம்பளையா?”

“தெரியாது.”

“எந்த ஊரு? அதுவும் தெரியாதா?”

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

அக்கா எதையாவது சொல்லிக் கிண்டல் செய்வாள் என்று அவள் காத்திருந்தாள். அக்கா கிண்டல் செய்யவில்லை. அந்தப் பக்கத்தை இன்னொரு முறை முதலிலிருந்து, வாய்க்குள் முணுமுணுத்தபடி, மெல்ல வாசித்தாள்.