ரோட் ஐலண்டும் நிலவறைச் சாவியும்

சுவிஸில், எங்கள் ஓஸ்டர்முண்டிகன் கட்டடத்தின் நிலவறையில் ஒரு பொது அறை இருக்கிறது. அதன் சாவி சந்திரகுமார் அண்ணையிடம். வெள்ளிக்கிழமைப் பூசைக்காக நிர்வாகத்தோடு இரண்டு வருடம் மல்லுக்கட்டி வாங்கியவர். அன்றிலிருந்து அதைச் சீதனச் சொத்துப்போலக் காத்துவருகிறார்.

வியாழன் மாலை அவர் வீட்டில் பேச்சுப்போட்டி ஒத்திகை. ஞாயிறு தமிழ்ப் பள்ளியில் மகள் மதுஜா பேசவேண்டும். வழக்கம்போல அப்பா எழுத, பிள்ளை பாடமாக்குகிறாள். எதிர்வீட்டுக்காரியான நான் பாதி திறந்த என் கதவுக்குப் பின்னால் சப்பாத்துத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தட்டில் அழுக்கில்லை என்பது வேறு விடயம்.

“தங்கள் நம்பிக்கைக்காகக் கடல் கடந்து அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் வந்தவர்களே, வேறுவிதமாக நம்பியவரைத் துரத்தினார்கள். துரத்தப்பட்டவர் அமைத்த ரோட் ஐலண்டில் எவரும் தம் மனச்சாட்சிப்படி வணங்கலாம்.”

“அந்த ‘எவரும்’ எண்டதிலை கையை நல்லா விரி, பிள்ளை,” என்றார் அண்ணை.

அப்போது கீழ்வீட்டுப் பெர்னடெற் படியேறி வந்து அவர்கள் மணியை அடித்தாள். சனிக்கிழமை அவள் கணவன் பேனாட் இறந்த முப்பத்தோராம் நாள். பேனாட் கடைசிவரை கத்தோலிக்கர். இவள் அல்லேலூயா சபைக்குப் போய் மூன்று வருடம். அவருடைய ஆட்கள் சபை வாசலை மிதிக்கமாட்டார்கள். சபைக்காரர் கத்தோலிக்கக் கோயிலுக்குள் வரமாட்டார்கள். இரண்டு பக்கமும் சேர்ந்திருக்க அந்த நிலவறையை விட்டால் வேறு இடமில்லை.

“அண்ணை, சனி பின்னேரம் ரெண்டு மணித்தியாலம். எல்லாரும் ஒண்டா இருந்து அவருக்காகச் செபிக்கவேணும்.”

“அது சாமிப்படம் இருக்கிற இடம், தங்கச்சி. இண்டைக்கு அறை கேப்பியள், நாளைக்குப் படத்தைக் கழட்டச் சொல்லுவியள்.”

“படம் இருக்கட்டும் அண்ணை. நாங்கள் தொடமாட்டம்.”

“நான் தனிய முடிவெடுக்கேலாது. எதிர்வீட்டு இந்திராவே சொல்லிப்போட்டா, அல்லேலூயாக்காரர் வந்தால் தான் பூசைக்கு வரமாட்டாவாம்.”

என் கையிலிருந்த துணி நின்றது. சொன்னது உண்மைதான். போன கிழமை, தேத்தண்ணியோடு, சும்மா ஒரு கதைக்குச் சொன்னது. பெர்னடெற் திரும்பி, பாதி திறந்திருந்த என் கதவைப் பார்த்தாள்.

மதுஜா வெளியே வந்து பேச்சுத் தாளை அப்பாவிடம் நீட்டினாள்.

“ஞாயிறு நீங்களே பேசுங்கோ அப்பா.”

“விசர்க் கதை கதையாதை. பெயர் குடுத்தாச்சு.”

“நான் பேசேல்லை.”

அண்ணை தாளை வாங்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

“இந்திரா, நீதானே சொன்னனி. இப்ப என்ன சொல்லுறாய்?”

படிக்கட்டு விளக்கு தன்பாட்டில் அணைந்தது. ஒருவரும் ஆளியைத் தேடி அழுத்தவில்லை. இருட்டில் பெர்னடெற் மூச்சுவிடுவது கேட்டது.

“சாவியைக் குடுங்கோ அண்ணை,” என்றேன். “நான் பூசைக்கும் வருவன்.”

சனிக்கிழமை நானும் கீழே போனேன். என்ன நடக்கிறது என்று பார்க்கத்தான். பேனாட்டின் தமையனும் சபைப் போதகரும் ஒரே நீள வாங்கில் அமர்ந்து, நடுவே ஓராள் இடம் விட்டு, ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெர்னடெற் போய் அந்த இடத்தில் உட்கார்ந்தாள்.